தேத்தண்ணியை விட்டவருக்கு எதைக் கொண்டுபோவது? ஐந்து மூலிகைத் தேநீர்கள், ஓர் ஒப்பீடு

"பெரியம்மாவுக்கு இரவில நித்திரை இல்லை. கிளினிக்கில தேத்தண்ணியை விடச் சொல்லிப்போட்டினம். அவவைப் பார்க்கப் போகேக்க வெறுங்கையோட போக மனமில்லை. மூலிகைத் தேத்தண்ணி ஏதும் வாங்குவமெண்டு கடைக்குப் போனால் தட்டு நிறைய அடுக்கி வைச்சிருக்கினம். எதை எடுக்கிறது?"

வவுனியாவில் இருந்து வந்த கேள்வி இது. முதற்பிள்ளையைச் சுமக்கும் தங்கச்சிக்கு, ஓய்வுபெறும் ரீச்சருக்கு, ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வந்து கனடா திரும்பும் சித்தப்பாவுக்கு என்று ஆளை மாற்றி இதையே பலர் கேட்கிறார்கள்.

வன்னியில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனால் முதலில் அடுப்பில் கேத்தில் ஏறும். பேச்சு அதற்குப் பிறகுதான். தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று ஆனவர் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறார், அல்லது சுடுதண்ணியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கொண்டுபோகும் பொருள் அந்தக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே என் முதல் அளவுகோல் ருசியும் வாசனையும்தான். 'சலரோகத்துக்கு', 'பிரஷருக்கு', 'ஈரலுக்கு' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வகைகளை அன்பளிப்பாக எடுப்பதை நான் விரும்புவதில்லை. அது வருத்தக்காரர் என்ற நினைப்பையும் சேர்த்துக் கையில் கொடுப்பதாகிவிடும்.

## முதலில், தேயிலை கலக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்

ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியில் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் வரை, நித்திரையைக் கலைக்கும் கஃபீன் இருக்கும். சாயம் கூடக்கூட அதுவும் கூடும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் அது பாதியாகக் குறைவதற்கு 5 மணித்தியாலம் அளவில் எடுக்கும். பின்னேரம் 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே நிற்கிறது என்றால், பெரியம்மா பாயில் புரண்டுகொண்டிருப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லாமலும் இருக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது வெளியேற இன்னும் பல மணித்தியாலம் பிடிக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கடையில் ஏமாறும் இடங்கள் மூன்று. கிரீன் ரீ மூலிகை அல்ல. அதுவும் அதே தேயிலைச் செடியின் இலைதான், கஃபீனும் உண்டு. இரண்டாவது, இஞ்சித் தேநீர், எலுமிச்சைத் தேநீர், கறுவாத் தேநீர் என்று தேயிலைக் கம்பனிகள் விற்கும் பெட்டிகள். அவற்றில் பெரும்பாலானவை கறுப்புத் தேயிலையோடு வாசனை சேர்த்தவை. முன்பக்கத்துப் படத்தில் இஞ்சித் துண்டும் தேசிக்காயும் மட்டும் தெரியும், தேயிலை பின்பக்கத்து உள்ளடக்கப் பட்டியலில் முதற்பெயராக இருக்கும். மூன்றாவது, மல்லிக்கோப்பி. மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும் வறுத்து இடித்ததையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள், கோப்பிக் கொட்டையோடு சேர்த்து இடித்ததையும் அதே பெயரில் விற்கிறார்கள். வீட்டில் இடித்து விற்பவரிடம் வாங்கினால் "கோப்பிக் கொட்டை போட்டனீங்களோ?" என்று வாய்விட்டே கேளுங்கள். கஃபீன் நீக்கிய தேயிலை என்று வெளிநாட்டில் இருந்து வருவதிலும் ஒரு சொட்டு மிஞ்சித்தான் இருக்கும். முற்றாக நிறுத்தச் சொன்னவருக்கு அது சரிவராது.

## எதை வைத்து எடைபோடுவது

வாசனையைச் சொல்லிவிட்டேன். அடுத்தது வேலை. சுடுதண்ணியை ஊற்றி மூடிவைத்தால் போதுமா, அடுப்பில் வைத்துக் கொதிக்க விட வேண்டுமா? முழங்கால் நோவோடு தனியே இருக்கும் ஒருவருக்கு, தினமும் கால் மணித்தியாலம் அடுப்படியில் நிற்க வைக்கும் பொருள் இரண்டாம் கிழமையே அலுமாரிக்குள் போய்விடும்.

மூன்றாவது, இனிப்பு. நம் ஊரில் மூலிகைத் தண்ணியை ஒரு கடி பனங்கட்டியோடு குடிப்பதுதான் பழக்கம். பனங்கட்டியில் தாதுக்கள் இருப்பது உண்மை, ஆனாலும் அதில் பெரும்பங்கு சீனிச்சத்துத்தான். சலரோகம் உள்ளவருக்குக் கொடுக்கும்போது, இனிப்பில்லாமல் அது தொண்டையால் இறங்குமா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, மாத்திரைகள். அறுபதைத் தாண்டிய எங்கள் ஆட்களில் பலர் பிரஷருக்கோ சீனிக்கோ குளிசை எடுப்பவர்கள். சில மூலிகைகள் குளிசை செய்யும் வேலையையே தாமும் செய்து, அளவுக்கு மேல் இறக்கிவிடும்.

ஐந்தாவது, தண்ணி. இதை எவரும் யோசிப்பதில்லை. வன்னியில் பல கிணறுகளின் தண்ணி கடினத்தன்மை கூடியது; கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணியில் நிறத்தை நம்பிய பூக்கள் தோற்றுப்போகும், வாசனையை நம்பியவை தப்பிவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

## வில்வம்பூ

பெலிமல் என்ற சிங்களப் பெயரில்தான் கடைகளில் கூடுதலாகக் கிடைக்கும். வெசாக், பொசன் நாட்களில் தன்சல் என்ற இலவசப் பந்தல்களில் இதைக் காய்ச்சி வழிப்போக்கருக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். ஏ9 வீதியால் அநுராதபுரம் பக்கம் போய்வந்தவர்கள் குடித்திருப்பீர்கள். நம் கோயில் வீதிகளில் வில்வை நிற்கிறது, இலையைப் பூசைக்கு எடுக்கிறோம், உதிர்கிற பூவைக் கூட்டித் தள்ளிவிடுகிறோம். அந்தப் பூவைப் பொறுக்கி நிழலில் காயவைத்தால் கிடைப்பதுதான் இது.

காய்ந்த பூ பார்வைக்கு ஒன்றுமில்லை. மங்கிய மண்ணிறத்தில் சருகுபோல் இருக்கும், போத்தலுக்குள் போட்டால் அழகாகவும் தெரியாது. சுடுதண்ணி பட்டதும்தான் அதன் குணம் வெளியே வரும். தேன் கலந்தாற்போல் ஒரு மெல்லிய மணம். நாக்கில் கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டிப் பூ, நல்ல கொதிநீர், மூடி 7 முதல் 10 நிமிடம். மிதந்த பூக்கள் ஊறி அடிக்குப் போனதும் வடிக்கலாம். மறந்துபோய் அரை மணித்தியாலம் விட்டாலும் கைக்காது என்பது வயதானவர்களுக்குப் பெரிய வசதி.

இதன் குறை பழசுதான். மணம் போன பூவைக் காய்ச்சினால் வெறும் மஞ்சள் தண்ணி. கடையில் பொதியின் மேலாக நசித்துப் பாருங்கள்: பூ பூவாகத் தெரிய வேண்டும், கீழே தூளாக இறங்கியிருந்தால் கைமாறிக் கைமாறி வந்த சரக்கு. பூவுக்குள் காம்பும் இலைத்துண்டும் கலந்து நிறுத்திருந்தாலும் விடுங்கள்.

நித்திரைக் கேள்வியோடு வந்தவரின் பெரியம்மாவுக்கு நான் சொன்னது இதைத்தான். நித்திரையைக் கொண்டுவரும் மருந்தாக அல்ல. தேத்தண்ணி நேரத்தில், தேத்தண்ணி போலவே சூடாக, மணத்தோடு ஒரு கோப்பை.

## ஆவரசம்பூ

மன்னார்ப் பக்கத்து வெட்டைகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவரசை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிங்களத்தில் ரணவரா. இலங்கையில் தேநீருக்குப் பதிலாகக் குடிக்கும் மூலிகைகளில் ஊரறிந்தது இதுதான், மலிவும் கூட. காய்ந்த பூ போத்தலில் பொன்னிறமாக அழகாக இருக்கும். அன்பளிப்புக்கு எடுப்பவர்களின் கை முதலில் இதற்குப் போவதற்கு அந்த நிறம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ருசி துவர்ப்பு. இந்தச் செடியின் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது என்றால் அதில் எவ்வளவு துவர்ப்பு இருக்கும் என்று ஊகிக்கலாம். பூவில் அவ்வளவு இல்லாவிட்டாலும், அது நாக்கை இழுக்கும். பழகியவர்கள் அதையே விரும்பிக் குடிப்பார்கள். பழகாதவர்கள் பனங்கட்டியைத் தேடுவார்கள்.

அதைவிடப் பெரிய யோசனை மருந்துப் பக்கம். சீனியைக் குறைக்கும் என்ற பெயரால்தான் ஆவரசு விற்கிறது. குறைப்பது உண்மையானால், ஏற்கெனவே குளிசை எடுப்பவருக்கு அது சேர்ந்து இறங்கும் ஆபத்து. குறைக்காவிட்டால், குளிசையை விட்டு இதை நம்பும் ஆபத்து. இரண்டையும் நான் ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். 1981இல் இலங்கை ஆய்வாளர்கள் உள்ளூர் மூலிகைகள் சிலவற்றைச் சோதித்தபோது, ஈரலைப் பாதிக்கக்கூடிய ஒருவகை அல்கலொயிட்டுகளை ஆவரசிலும் கண்டார்கள். இடைக்கிடை ஒரு கோப்பை குடிப்பவரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கும், ஈரல் வருத்தம் உள்ளவருக்கும், வலிப்புக்குக் குளிசை எடுப்பவருக்கும் இதை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை உடம்பு உறிஞ்சுவதற்கும் துவர்ப்பு தடை. தேத்தண்ணிக்குச் சொல்லும் அதே காரணம்தான்.

ஆவரசு யாருக்குச் சரி? ஏற்கெனவே அதைக் குடித்து வருபவருக்கு. அவருக்கு நல்ல தரமான பூவைத் தேடிக் கொடுப்பது அருமையான அன்பளிப்பு. புதியவருக்கு வேண்டாம்.

## நன்னாரி

இலைத் தேநீர் என்ற கணக்கில் இது வராது, வேர். ஆனாலும் ஒப்பிடாமல் விட முடியாது. இனிப்புச் சேர்க்காமலே இனிப்பை நினைவூட்டும் மணம் இந்த ஐந்தில் இதற்குத்தான் கூடுதலாக உண்டு. வனிலாவுக்கு நெருங்கிய மணம் அது. சீனியை விடச் சொன்ன ஒருவர் நன்னாரியை வெறுமையாகக் குடித்து, "இதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்பதை எதிர்பார்க்கலாம்.

வேலைதான் கூட. வேரைக் கழுவி, லேசாகத் தட்டி, சின்ன நெருப்பில் 10 முதல் 15 நிமிடம் காய்ச்ச வேண்டும். சுடுதண்ணிப் போத்தலுக்குள் போட்டு மூடிவிட்டால் மணம் பாதிதான் இறங்கும். ஆனால் ஒருமுறை காய்ச்சிய வேரை அன்றைக்கே இன்னொரு முறையும் காய்ச்சலாம், ஆறவைத்துத் தேசிக்காய் விட்டும் குடிக்கலாம். சித்திரை, வைகாசி வெய்யிலில் சுடச்சுடக் குடிக்கப் பிடிக்காதவருக்கு இதைவிட நல்லது இல்லை.

வாங்கும்போது ஒரு வேரை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டி மணந்து பாருங்கள். மணம் முழுக்கப் பட்டையில்தான் இருக்கிறது. சுரண்டியும் மணக்காத வேர் பழசு, அல்லது வேறெதோ கொடியின் வேர். தூளாக்கியதை எடுக்க வேண்டாம், எதை இடித்தார்கள் என்று தெரியாது.

மறைந்திருக்கும் விலை ஒன்று இதில் உண்டு. வேரைப் பிடுங்கினால் கொடி போய்விடும். காட்டில் இருந்து அள்ளிக்கொண்டு வருவதைவிட, வீட்டுத் தோட்டத்தில் வைத்து வளர்த்து விற்பவரிடம் வாங்குவது நல்லது. "சும்மா காட்டில கிடக்குதுதானே, நானே பிடுங்கிக் காயவைச்சுக் குடுப்பன்" என்று சிலர் கிளம்புகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மிதிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் இருக்கிறது. மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடம் மட்டுமல்ல, ஆள் நடந்த பாதை தெரியாத எந்தப் பற்றைக்குள்ளும் வேர் கிண்டப் போகாதீர்கள். ஒரு பிடி நன்னாரிக்காக ஒரு காலைப் பணயம் வைக்க முடியாது.

## எலுமிச்சைப்புல்

நாக்கு எப்படிப்பட்டது என்று தெரியாத ஒருவருக்கு, அதாவது ரீச்சருக்கு, கந்தோர் மேலதிகாரிக்கு, மகளின் மாமியாருக்கு என்றால் இதுதான். பிடிக்காது என்று சொன்னவரை நான் காணவில்லை. மணம் தெளிவானது, கசப்பில்லை, சீனி கேட்காது, வளர்ப்பதற்கும் செலவில்லை. கிணற்றடியில் ஒரு முடி வைத்தால் ஆண்டு முழுக்க வெட்டலாம்.

நீங்களே செய்து கொடுக்கக்கூடியதும் இதுதான். காலையில் பனி காய்ந்த பிறகு இலையை வெட்டி, கழுவி, தண்ணியை உதறி, ஒரு விரற்கணு நீளத்துக்கு நறுக்கி, காற்றோட்டமான நிழலில் பாயில் பரப்புங்கள். வெய்யிலில் போட்டால் அன்றைக்கே காய்ந்துவிடும். நிறமும் வைக்கோலாகிவிடும், மணத்தைக் கொண்டிருக்கும் எண்ணெயும் பறந்துவிடும். நிழலில் சில நாள் பொறுத்தால், மடக்கும்போது சட்டென்று முறியும் பச்சை இலை கிடைக்கும். முறியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, போத்தலில் அடைக்காதீர்கள்.

ஒரு சிக்கல். காய்ந்த புல்லின் ஓரம் கூர்மையானது, எவ்வளவு ஊறினாலும் மெதுவாகாது. கண் பெரிய வடியால் வடித்தால் சிம்புகள் கோப்பைக்குள் வந்து தொண்டையில் குத்தும். ஆகவே கண் சிறிய வடி ஒன்றையும், அல்லது மெல்லிய பருத்தித் துணியில் தைத்த சின்னப் பை இரண்டையும் கூடவே வையுங்கள். பெட்டியின் விலை கொஞ்சம் கூடும், ஆனால் அது இல்லாமல் கொடுத்தால் பாதி அன்பளிப்புத்தான்.

கடினத் தண்ணியிலும் இதன் மணம் மாறாது. 5 நிமிடம் மூடி ஊறவிட்டால் போதும். மூடாமல் விட்டால் மணம் அடுப்படியோடு நின்றுவிடும்.

## ரூயிபோஸ்

வன்னிக் கடைகளில் தேடி அலையாதீர்கள். இலண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ வரும் உறவினரிடம் "என்ன கொண்டு வரட்டும்?" என்ற கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்துச் செடர்பேர்க் மலைப்பக்கம் விளையும் ஒரு செடி; அவரை, துவரை இனம். ஊசி போன்ற இலையை நறுக்கி, நசித்து, புளிக்கவைத்துக் காயவைப்பதால் செம்மண் நிறம் வரும். கஃபீன் இயல்பாகவே இல்லை, துவர்ப்பும் தேயிலையைவிடக் குறைவு.

இதற்குக் கூடுதலாக ஒரு குணம் உண்டு: தேத்தண்ணி போலவே பால் விட்டுக் குடிக்கலாம். வில்வம்பூவிலோ எலுமிச்சைப்புல்லிலோ பால் விட்டால் வாயில் வைக்க முடியாது. நாற்பது வருசம் விடியப்புறம் பால்தேத்தண்ணி குடித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தியவர் தேடுவது பூ மணத்தை அல்ல, அந்த நிறத்தையும் அந்தத் தடிப்பையும்தான். ரூயிபோஸை நல்ல சாயமாக 8 நிமிடம் ஊறவிட்டு, மாப்பால் கரைத்து விட்டால், தேத்தண்ணிக்குச் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்தில் வந்து நிற்கும். கூட நேரம் ஊறினாலும் கைக்காது. இலை மிகவும் நுணுக்கம், சாதாரண வடியால் கீழே இறங்கிவிடும். துணி வடி வேண்டும்.

குறை என்னவென்றால், முடிந்தால் திரும்ப வாங்க முடியாது. ஒருவருக்கு ஒன்றைப் பழக்கிவிட்டு அடுத்த ஆவணி வரை காத்திருக்க வைப்பது சரியா என்று யோசியுங்கள். வருடாவருடம் ஆள் வந்துபோகும் வீடு என்றால் மட்டும் தொடங்கலாம்.

## மற்றவை, சுருக்கமாக

செவ்வரத்தம்பூவில் ஒரு குழப்பம் இருக்கிறது. வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் புளிப்பான சிவப்புத் தேநீர் நம் வேலிச் செவ்வரத்தை அல்ல. அதே இனத்தின் இன்னொரு செடியின் புல்லி இதழ். ஆய்வுகளில் பிரஷரை ஓரளவு குறைப்பதாகக் கண்டது அந்தச் செடியைத்தான். அதனால் பிரஷர்க் குளிசை எடுப்பவருக்கு அதைக் கொடுக்க முன் கேட்க வேண்டும். வேலிச் செவ்வரத்தம்பூவில் நிறம் உண்டு, ருசி குறைவு. நீலக் காக்கணம்பூவும் அப்படித்தான்: தேசிக்காய் விட்டால் நீலம் ஊதாவாகும், பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பின்னேரம் கலகலப்பாகப் போகும், குடிப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த நிறங்கள் எல்லாம் நம் கிணற்றுத் தண்ணியில் மங்கி அழுக்கு நீலமாகிவிடுவதும் உண்டு, தேசிக்காய் விட்டால்தான் திரும்பி வரும்.

முருங்கை இலை வேலியில் நிற்கிறது. வன்னிக்குள் அதைப் பொதி செய்து கொடுப்பதில் அர்த்தமில்லை. மல்லியும் வேர்க்கொம்பும் தடிமனுக்குக் குடிப்பவை என்று ஊரே முடிவு செய்துவிட்டது, சுகமாக இருப்பவருக்குக் கொண்டுபோனால் "ஆருக்குக் காய்ச்சல்?" என்பார்கள். கமோமைல் வெளிநாட்டில் நித்திரைக்குப் பேர்போனது, ஆப்பிள் போல மணக்கும். ஆனால் கொழும்பு வழியாக இங்கு வந்து சேரும்போது மணமும் குறைந்து விலையும் ஏறியிருக்கும், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவருக்கு அது கூடாது. அதிமதுரம் சேர்ந்த கலவைகளைப் பிரஷர் உள்ளவருக்குக் கொடுக்கவே வேண்டாம். இனிப்பாக இருப்பதால் கூடுதலாகக் குடிப்பார்கள், அது பிரஷரை ஏற்றும்.

## ஒரே பார்வையில்

| வகை | தயாரிக்கும் விதம் | இனிப்பில்லாமல் இறங்குமா | யாருக்கு வேண்டாம் | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|---|
| வில்வம்பூ | ஊற்றி மூடி 7–10 நிமிடம் | இறங்கும் | கர்ப்பிணிக்குக் கேட்டுக் கொடுக்கவும் | புதுச் சரக்குத் தேடும் அலைச்சல் |
| ஆவரசம்பூ | கொதிக்கவைத்து | பழகியவருக்கு மட்டும் | கர்ப்பிணி, ஈரல் வருத்தம், வலிப்பு, சீனிக் குளிசை | பனங்கட்டி |
| நன்னாரி | சின்ன நெருப்பில் 10–15 நிமிடம் | நன்றாக இறங்கும் | அடுப்படியில் நிற்க முடியாதவர் | விறகு, காஸ், நேரம் |
| எலுமிச்சைப்புல் | ஊற்றி மூடி 5 நிமிடம் | இறங்கும் | கர்ப்பிணிக்குக் கேட்டுக் கொடுக்கவும் | கண் சிறிய வடி |
| ரூயிபோஸ் | ஊற்றி மூடி 5–8 நிமிடம் | பாலோடு இறங்கும் | திரும்ப வாங்க வழியில்லாதவர் | பால்மா, துணி வடி |

## ஆளைப் பார்த்து

தேத்தண்ணி மணத்துக்காகக் குடித்தவர் என்றால் வில்வம்பூ. பாலுக்காகக் குடித்தவர் என்றால் ரூயிபோஸ். சீனியைக் கைவிட்டவர் என்றால் நன்னாரி. தெரியாதவர் என்றால் எலுமிச்சைப்புல். என் வரிசை இதுதான். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. எதுவும் ஒரு கிழமைக்குக் காணாது, எதுவும் பழக்கமாகாது. ஒன்றை, ஒரு மாதத்துக்குக் காணும் அளவில் கொடுங்கள்.

கர்ப்பிணித் தங்கச்சிக்கு என்று கேட்டவருக்கு: மூலிகைப் பெட்டி எதையும் நீங்களாக முடிவு செய்து வாங்காதீர்கள். சத்தி, குமட்டல் இருந்தால் இஞ்சி ஒரு சின்னத் துண்டு தட்டிப்போட்ட தண்ணியைப் பலருக்கும் சொல்வார்கள். அதையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அவவுக்கு ஒரு நல்ல சுடுதண்ணிப் போத்தல் வாங்கிக் கொடுங்கள், குழந்தை பிறந்த பிறகும் இரவில் உதவும்.

சிறுநீரக நோயாளருக்கும் இதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். வவுனியாவின் தெற்குப் பக்கத்திலும் வெலிஓயாப் பக்கத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நாளுக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்பதையே அளந்து சொல்லியிருப்பார்கள். 'சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்தும்' என்று தேங்காய்ப்பூக்கீரைப் பொதியைத் தூக்கிக்கொண்டு போவது அன்பால் செய்யும் ஆபத்து. சித்த வைத்தியரிடம் காட்டுபவராக இருந்தாலும், கிளினிக் டொக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பழமும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம். போய்ப் பக்கத்தில் இருந்து கதையுங்கள்.

## பெட்டியும் பயணமும்

நம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அதைவிட அழகு இல்லை, பன்னவேலை செய்யும் ஒரு வீட்டுக்கும் நாலு காசு போகும். ஆனால் ஓலை ஈரத்தை இழுக்கும். ஐப்பசியில் இருந்து தை வரை மாரி மழை பிடித்தால், ஓலைப் பெட்டிக்குள் நேரே போட்ட பூவில் பத்து நாளில் பூஞ்சணம் வந்துவிடும். முதலில் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் அல்லது தகரப்பேணி, அதற்கு வெளியே ஓலைப் பெட்டி. ஜாம் போத்தலைக் கழுவிப் பாவிப்பவர்கள் மூடியை மணந்து பாருங்கள். ஊறுகாய் மணம் இருந்தால் எலுமிச்சைப்புல் அதை எடுத்துக்கொள்ளும்.

சின்னத் துண்டுக் கடதாசியில் மூன்று விடயம் எழுதி ஒட்டுங்கள்: என்ன பூ அல்லது இலை, காயவைத்த மாதம், ஒரு கோப்பைக்கு எத்தனை கரண்டி எத்தனை நிமிடம். கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்தில். ஆறு மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கெடாவிட்டாலும் மணம் இருக்காது.

வெளிநாட்டுக்குக் கொடுத்துவிடுவதென்றால் பாரம் பெரிதில்லை, பருமன்தான் பெரிது. கால் கிலோ காய்ந்த பூ பயணப்பெட்டியின் ஒரு மூலையையே பிடித்துவிடும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் காய்ந்த இலை, பூ, வேர் எதுவானாலும் வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டிவரும். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். முளைக்கக்கூடிய முழு விதை எதையும், மல்லி உட்பட, அந்தப் பொதிக்குள் சேர்க்காதீர்கள். அந்த இரண்டு நாடுகளுக்கும் வீட்டில் காயவைத்ததை விட, உள்ளடக்கம் ஆங்கிலத்தில் அச்சிட்டு முத்திரையிட்ட கடைப் பொதியே நல்லது. உடைக்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள்.